மேட்டில் பத்தொன்பது துளைகள்

“காஞ்சு போனது மொத்தம் எத்தனைப்பா? தண்ணி வந்ததைச் சொல்ல வேண்டாம். வராததை மட்டும் சொல்லுங்க.”

சின்னவள் இதைக் கேட்டபோது அப்பா வாசல்படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த களிமண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். குச்சி நின்றது. உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டால் அந்த வீட்டில் முதலில் சத்தங்கள்தான் நிற்கும். திட்டு பிறகுதான் வரும்.

அப்பாவுக்குத் தொழில், பூமிக்கடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது. சுற்றுவட்டாரத்தில் யார் போர் போடுவதாக இருந்தாலும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். முனையில் வளைத்த இரண்டு செம்புக் கம்பிகளை இரண்டு கையிலும் தளர்வாக நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார். ஏதோ ஓரிடத்தில் கம்பிகள் தாமாகத் திரும்பி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அங்கே கால் பெருவிரலால் மண்ணைக் கீறி ஒரு கல்லை வைப்பார். அதுதான் பாயிண்ட். அவருக்கு ஒரு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. பாயிண்ட்காரர் என்றால்தான் தெரியும்.

பாயிண்ட்காரர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வேலை முடிந்து அவர் திரும்பும்போது தண்ணீர் வந்ததா என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கத் தேவையும் இல்லை. தண்ணீர் வந்த நாளில் முழங்கால்வரை சேறு தெறித்திருக்க, முன்வாசல் வழியாக உரக்கப் பேசிக்கொண்டே வருவார். வராத நாளில் தலைமுதல் கால்வரை பாறைப்பொடி படிந்து, இமைகூட வெளுத்து, மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி கொல்லைப்பக்கமாக வந்து குழாயடியில் நிற்பார். அம்மா பேசாமல் துண்டை நீட்டுவாள். ஏழு வயதில் சின்னவள் ஒருநாள் “இன்னிக்கும் மாவாப்பா?” என்று கேட்டுவிட்டு முதுகில் இரண்டு வாங்கினாள். அடித்துவிட்டு அம்மா சொன்னாள்: “வராததை எண்ணாதடி. எண்ண ஆரம்பிச்சா அந்தக் கை நடுங்கும். கை நடுங்கினா நம்ம அடுப்பு எரியாது.”

பதினெட்டு வருஷம் அவள் எண்ணவில்லை. இப்போது கேட்டுவிட்டாள்.

“எதுக்கு?” என்றார் அப்பா, செருப்பைப் பார்த்தபடி.

“ஞாயித்துக்கிழமை அக்கா நிலத்துல மூணாவது போடறாங்க. அதுக்கு.”

“உன் போன்ல எழுதப் போறியா?”

“எழுதறது அப்புறம். முதல்ல எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சாத்தானே போடலாமா வேண்டாமான்னு சொல்ல முடியும்” என்றாள்.

“பத்துல எட்டு வரும்” என்றார்.

“எட்டுன்னு எப்படித் தெரியும்?”

அம்மா கத்தியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். “எப்படித் தெரியுமா? அந்தக் கையாலதான்டி நீ படிச்சே. ரத்தத்தைக் கண்ணாடியில தடவிப் பாக்கிற படிப்பை உனக்கு அந்தக் கம்பிதான் வாங்கிக் குடுத்துது. இப்ப கம்பிக்கே சர்டிபிகேட் கேக்கறியா?”

“ஆமா, கேக்கறேன்.”

“கேளு கேளு. ஊருல போற வர்றவனையெல்லாம் கேட்டு முடிச்சாச்சு, மிச்சம் இருக்கிறது பெத்தவன்தான். என்னையும் கேளு, உன்னைப் பெத்ததுக்கு ரசீது எங்கன்னு.”

“அம்மா, கத்தியைக் கீழ வெச்சிட்டுப் பேசு.”

“வெக்க மாட்டேன்.”

அப்பா செருப்பைத் தரையில் தட்டினார். காய்ந்த மண் உதிர்ந்தது. “போர் லாரிக்காரன்கிட்ட நோட்டு இருக்கு” என்றார். “எல்லாம் அதுல இருக்கும். போய் எண்ணிக்கோ.”

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் இருவரையும் பார்க்காமல் எழுந்து உள்ளே போனார். கோபத்தில் சொன்னாரா, எண்ணட்டும் என்றே சொன்னாரா என்று சின்னவளுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை என்பது, அவள் கத்தியோடு அங்கேயே நின்றதில் தெரிந்தது.

அக்கா நிலம் என்பது நாற்றுப்பண்ணை. ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் அந்த நிலத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, “நீங்களே ஒரு நடை நடந்து சொல்லிடுங்களேன்” என்றார்கள். அப்பா நடந்தார். கம்பி வெட்டியது. “கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா தன் பேரில் வாங்கினார். அடுத்த மாதம் கல்யாணம். தண்ணீர் பார்க்கிற கை இருக்கிற வீட்டுப் பெண் என்று அக்காவுக்குப் புகுந்த வீட்டில் தனி மரியாதை.

முதல் இரண்டு வருஷம் பக்கத்துத் தோட்டக்காரர் குழாய் விட்டார். அவர் கிணறும் வற்றியபிறகு சொந்தமாகப் போர் போட்டார்கள். அறுநூறு அடி, புழுதி. மறு வருஷம் எண்ணூறு அடி, புழுதி. இரண்டும் அப்பா வைத்த கல். இப்போது செடிகள் டேங்கர் தண்ணீரில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவதும் புழுதியானால் பண்ணையை மூடிவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போவது என்று அந்த வீட்டில் முடிவாகியிருந்தது. நான்காவதற்கு அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சின்னவளின் வலைப்பதிவு. அந்த வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் போனிலேயே எழுதுவாள். பதிவின் பெயர் ‘எப்படித் தெரியும்?’ ஞாபகசக்தி மாத்திரை, காந்த வளையல், கண்ணால் பார்த்தே நோயைச் சொல்கிறவர் என்று ஒவ்வொருவரையும் பிடித்து ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள். குணமானவங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தறீங்க, குணமாகாதவங்க எங்கே, அவங்களை யார் எண்ணினது? நானூறு பேர் படித்தார்கள். முப்பது பேர் தவறாமல் திட்டினார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்: கம்பி பிடித்துத் தண்ணீர் பார்க்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்களேன். யாருக்கும் அன்றன்றே பதில் எழுதுகிறவள், அதற்கு எழுதவில்லை. அழிக்கவும் இல்லை. தினம் ஒருமுறை போய்ப் பார்ப்பாள், பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி. கண்டவனையெல்லாம் கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்துக் கேள்வியையும் வெளியே கழற்றி வைக்கிறவளுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் எங்கும் எழுதியதில்லை.

லாரிக்காரரின் ஷெட் கிரீஸும் ஈர இரும்பும் கலந்த நாற்றத்தில் இருந்தது. துளையிடும் கம்பிகள் இருபது அடி நீளத்தில் அடுக்கிக் கிடந்தன. பக்கத்தில் தேய்ந்த சுத்தியல் முனைகள், பல் விழுந்த வாய் மாதிரி. லாரிக்காரர் கம்பி மரைக்குக் கையாலேயே கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

“வாங்க டாக்டரம்மா. எனக்கு ரத்தம் எடுக்க வந்தியா?”

“நோட்டு பாக்க வந்தேன் சித்தப்பா. அப்பா பாக்கச் சொன்னாரு.”

கிரீஸ் பூசிய கை நின்றது. “உங்கப்பனா சொன்னான்? நெஜமா?”

“போன் பண்ணிக் கேளுங்க.”

“வேணாம். அவன்கிட்ட இதைக் கேட்டா எனக்குத்தான் வெக்கமா இருக்கும்.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இரும்புப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய்க் கறை படிந்த ஐந்து நீள நோட்டுகள். “இது முனை எவ்வளவு தேயுதுன்னு கணக்குப் பாக்க வெச்சிருக்கிற நோட்டு. எத்தனை அடி ஓடிச்சு, எந்த அடியில பாறை, எந்த அடியில ஈரம், எல்லாம் இருக்கும்.”

“கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க?”

“கல்லு வெச்சது யாருன்னு. தண்ணி வரலைன்னா பாதிப் பேரு எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவான், கல்லை விட்டுத் தள்ளிப் போட்டுட்டேன்னு. நோட்டைக் காட்டி, தம்பி, கல்லு வெச்சது இன்னாரு, ஓட்டை மட்டும்தான் என்னுதுன்னு சொல்லிடுவேன்.”

கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எண்ணினாள். லாரிக்காரர் இரண்டு டீ வாங்கித் தந்தார், ஒரு பன்னும். இடையிடையே வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்.

அப்பா கல் வைத்தவை இருநூற்றுப் பதினான்கு. தண்ணீர் வந்தவை நூற்று முப்பத்தொன்பது. யாரும் கம்பி பிடிக்காமல், வீட்டுக்குப் பின்னால், வேலி ஓரத்தில், லாரி திரும்ப வசதியான மூலையில் என்று அவரவர் இஷ்டத்துக்குப் போட்டவை நூற்றெண்பது. தண்ணீர் வந்தவை நூற்றுப் பதினேழு. வகுத்துப் பார்த்தாள். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி வகுத்தாள். இரண்டும் நூற்றுக்கு அறுபத்தைந்து.

அவள் எதிர்பார்த்தது இதுவல்ல. உண்மையில் என்ன எதிர்பார்த்தாள் என்றும் சொல்லத் தெரியவில்லை. அப்பா மோசமாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கொஞ்சம் மேலாக இருந்திருந்தால் ரகசியமாகச் சந்தோஷப்பட்டிருக்கலாம், அதற்காக வெட்கமும் பட்டிருக்கலாம். இருபத்தாறு வருஷம் வெயிலில் நடந்த மனிதர் யாரையும் கெடுக்கவும் இல்லை, யாருக்கும் எதையும் கொடுக்கவும் இல்லை. இதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது?

“அப்ப நான் லாரி திரும்பற எடத்துல போட்டதும், உங்கப்பன் நடந்து நடந்து போட்டதும் ஒண்ணுதாங்கறே” என்றார் லாரிக்காரர். சிரிக்கப் போனவர் பாதியில் விட்டுவிட்டார்.

“உங்களுக்கு இது தெரியாதா சித்தப்பா? நோட்டு உங்க கையிலதானே இருந்துது?”

“கூட்டிப் பாக்கலையே. நான் ஓட்டை போடறவன். கூட்டிப் பாத்தா அப்புறம் எப்படிக் காலையில எந்திரிச்சு லாரி எடுக்கறது?”

அவள் பக்கங்களை மறுபடி புரட்டினாள். இந்த முறை ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்தாள். ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் யார் போட்டாலும் வந்திருந்தது. ஊருக்குள் பாதிக்குப் பாதி. மேட்டில், அக்காவின் பண்ணையையும் சேர்த்து இதுவரை போட்டவை பத்தொன்பது. வந்தது நான்கு. அதில் இரண்டு மறு கோடையிலேயே வற்றியதாக ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. அப்பா, சம்பந்தி, லாரிக்காரர், எல்லோரும் இத்தனை வருஷமாக எங்கே போடுவது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே போடுவதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போடாதே என்று சொன்னால் பாயிண்ட்காரருக்கும் வேலையில்லை, லாரிக்காரருக்கும் வேலையில்லை.

சனிக்கிழமை அவள் மெஷின்காரரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். நிலத்தில் இரும்பு முளைகளை அடித்து மின்சாரம் செலுத்தி அளக்கிறவர் அவர். கம்பியை நம்பாதவள், கருவியையாவது ஒருமுறை கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

பண்ணையில் பச்சை வலைக்கடியில் அக்காவின் மாமியார் முக்காலியில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். குச்சியைச் சாய்வாகச் சீவி, கீழ்ச்செடியின் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, பல்லால் கடித்து அறுப்பார். ஒரு செடிக்கு ஒரு நிமிஷம். பேச்சு குறைவு. அவருக்குப் பின்னால் பட்டுப்போன ஒட்டுகள் வரிசை வரிசையாக நின்றன.

“செத்ததையெல்லாம் தூக்கிப் போடலையா அத்தை?” என்றாள் சின்னவள்.

“எந்த மரத்துக் குச்சி பட்டுதுன்னு பாக்க வேணாமா? நூறுல அம்பது பட்டா அந்த மரத்துப் பக்கமே போகறதில்ல.” நாடாவைக் கடித்தார். “யாரு அது, பெட்டியெல்லாம் தூக்கிட்டு?”

“தண்ணி பாக்கிறவர் அத்தை. மெஷின்ல.”

“உங்கப்பா இருக்கும்போது இன்னொருத்தரா? சரி, பாக்கட்டும்.”

அக்கா புருஷன் முளைகளைப் பிடித்துக்கொண்டு மெஷின்காரர் பின்னால் மேலும் கீழும் நடந்தார். “மச்சினி ஏற்பாடுன்னா சும்மாவா” என்று சிரித்துக்கொண்டே இருந்தார். நாலு நாளாகத் தூங்காத சிரிப்பு. ஒரு மணி நேரம் கழித்து மெஷின்காரர் பழைய இரண்டு துளைகளுக்கும் நடுவில் ஓரிடத்தைக் காட்டினார். “இங்க போடுங்க. எழுநூறுக்குள்ள வரணும்.”

“இந்த மேட்டுல இதுக்கு முன்னாடி குடுத்திருக்கீங்களா?” என்றாள் சின்னவள்.

“மூணு நாலு குடுத்திருப்பேன்.”

“வந்துச்சா?”

“ரிப்போர்ட் குடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. அப்புறம் போட்டாங்களா விட்டாங்களான்னு யாரு போன் பண்ணிச் சொல்றாங்க?”

“நீங்க பண்ணிக் கேக்கலாமே.”

“கேட்டு?” என்றார் அவர். நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

“தெரிஞ்சு?” என்று அப்பா கேட்ட அதே கேள்வி. பெட்டி, வயர், கட்டம் போட்ட காகிதம் எல்லாம் இருந்தும் அதே இடத்துக்கு வந்து நின்றார். அவள் அவரை அனுப்பிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். ஒருவேளை கருவி சரியாக இருக்கலாம், ஆள்தான் எண்ணாமல் விட்டிருக்கலாம். ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம். பதிவில் இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறாள்: தெரியவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. எழுதும்போது அது கம்பீரமாக இருந்தது. இங்கே வெயிலில் நிற்கும்போது தலைச்சுற்றல் மாதிரி இருந்தது.

அக்கா அவள் கையைப் பிடித்து உரமூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். “என்னடி பண்ணிட்டிருக்கே? நாளைக்கு அப்பா வந்து ஒரு எடத்துல கல்லு வெப்பாரு. அப்ப ரெண்டு எடமாயிடும். இவரு எந்தப் பக்கம் போவாரு?”

“எந்தப் பக்கமும் போக வேணாம்க்கா. போடாதீங்க.” நோட்டில் எண்ணியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். “அந்தப் பணத்துல கீழ ஆத்தோரமா நிலம் குத்தகைக்குக் கிடைக்கும். செடியெல்லாம் தொட்டியிலயும் பையிலயும்தானே இருக்கு, தூக்கிட்டுப் போயிடலாம். உயிர் இருக்கும்போதே தூக்குங்க.”

அக்கா மூட்டையிலிருந்து சிந்திய உரத்தைக் காலால் ஒதுக்கினாள். “பத்தொன்பதுல நாலு வந்திருக்கில்ல?”

“அதுலயும் ரெண்டு வத்திடுச்சு.”

“சரி, ரெண்டு. ரெண்டு பேருக்காவது வந்திருக்கில்ல? அந்த ரெண்டு பேருகிட்டயும் நீ போய்ப் போடாதேன்னு சொல்லியிருந்தா?”

“அக்கா, அப்படிப் பாக்கக் கூடாது.”

“எப்படிப் பாக்கணும்? உனக்குப் பத்தொன்பது. எனக்கு ஒண்ணுதான்டி. வந்தா முழுசா வரும், வரலைன்னா முழுசா வராது. பத்தொன்பதுல நாலுன்னு எனக்கு எப்படிடி வரும்?”

சின்னவள் கல்லூரியில் இதற்குப் பதில் படித்திருக்கிறாள், தேர்வும் எழுதியிருக்கிறாள். அக்காவின் வெடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“இன்னொண்ணு” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. “அத்தைகிட்ட இதைச் சொல்லிடாத. ரெண்டு தடவை காஞ்சும் அவங்க ஒரு வார்த்தை சொல்லல, தெரியுமா? உங்கப்பாவுக்கு நேரம் சரியில்லைன்னாங்க. அவ்வளவுதான். நிலம் அவங்க பேருல வாங்கினது. அப்பா கம்பியில ஒண்ணுமே இல்ல, சும்மா நடந்துட்டு வாங்கச் சொன்னாருன்னு தெரிஞ்சுதுன்னா, அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு?”

“அவங்களுக்குத் தெரியாமயே அவங்க நிலத்துல…”

“வாயைத் திறக்காத. அவ்வளவுதான்.”

சின்னவள் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்கா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தபடி வலைக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிச்சம் வந்து வெகுநேரமாகியும் வீட்டுக்குள் யார் குரலும் கேட்கவில்லை. சின்னவள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்பா கம்பிகளை நீட்டிக்கொண்டு குழாயடியிலிருந்து வேலிவரை நடந்தார். திரும்பினார். மறுபடி நடந்தார். குழாய்க்குத் தண்ணீர் வருகிற பைப் அந்தத் தரைக்கடியில்தான் போகிறது. சின்ன வயதில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அந்த இடத்தில்தான் கம்பியை வெட்ட வைப்பார். இப்போது கம்பிகள் இரண்டு ரயில் தண்டவாளம் மாதிரி நேராக நின்றன. முனைகள் மட்டும் நடுங்கின.

“நாலு நாளா வெட்டலம்மா” என்றார் திரும்பாமல். “நீ கேட்ட அன்னியிலேருந்து. பைப்பு மேலகூட வெட்டல.”

கம்பியைத் திருப்புவது பிடித்திருக்கிற கைதான், அந்தக் கைக்கே அது தெரியாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரை வைத்து விஞ்ஞானிகள் சோதித்து எழுதிவைத்த விஷயம். தான் சொல்வது சரி என்பதற்குக் கண்ணெதிரில் இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. அவள் அதைப் பார்க்க முடியாமல் குழாயைப் பார்த்தாள்.

“எண்ணிட்டியா?” என்றார்.

“எண்ணிட்டேன்.”

“எத்தனை?”

“நூத்துக்கு அறுபத்தஞ்சு.”

“பத்துல எட்டுன்னு நெனச்சேன்.” கம்பிகளைத் துணியில் சுற்றினார். “கம்பி பிடிக்காதவனுக்கு?”

அவள் சொல்லவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு துணி நாடாவை அதிக நேரம் எடுத்துக் கட்டினார்.

“அப்ப நீ சொல்லு” என்றார். “இன்னிக்கு எங்க கல்லு வெக்க?”

“எங்கயும் வேணாம்ப்பா. அந்த மேடே வேணாம். நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.”

“நான் எப்படிச் சொல்வேன்? என் வார்த்தையிலதானே நிலமும் வாங்கினாங்க, பொண்ணும் எடுத்தாங்க.”

“அப்ப நான் சொல்றேன். அத்தைகிட்ட.”

“சொல்லு. அவங்க நிறுத்திடுவாங்கன்னே வெச்சுக்கோ. அப்புறம்?” அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். “போடாத போர் எந்த நோட்டுலயும் ஏறாதும்மா. அதுக்குக் கீழ தண்ணி இருந்துச்சா இல்லையான்னு எவன் எண்ணப் போறான்? நான் சொன்னது பொய்னு எண்ணூறு அடியில தெரிஞ்சுபோச்சு. நீ சொல்றது பொய்யா நெஜமான்னு என்னிக்குமே தெரியாது. அப்படிப்பட்டதைச் சொல்லலாமா? உங்க படிப்புல என்ன சொல்றாங்க?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆறு வருஷமாக எல்லோரிடமும் கேட்டுவந்ததை அவர் திருப்பிக் கேட்டுவிட்டார், அதுவும் சரியான இடத்தில். அவளுடைய பதிவில் இதற்கு ஒரு வரி கிடையாது.

“தெரியலைப்பா” என்றாள். “தண்ணி இல்லைன்னு நான் சொல்லப் போறதில்ல. எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது, பத்தொன்பது பேரு போட்டதுல இத்தனை பேருக்குத்தான் வந்துதுன்னு சொல்லப் போறேன். நிலம் அவங்களுது. போடறதா விடறதான்னு அவங்க முடிவு பண்ணட்டும். அவங்ககிட்ட மட்டும்தான் யாரும் எதையும் சொல்லல.”

அம்மா சமையலறைக் கதவில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. “சொல்லுடி. சொல்லிட்டு அப்படியே அங்கேயே உங்கக்காவோட பொட்டியையும் தூக்கிட்டு வா. ரெண்டு பேரும் சேந்து எண்ணிட்டு உக்காரலாம்.”

“தூக்கிட்டு வர வேண்டி வந்தா தூக்கிட்டு வர்றேன்.”

“எவ்வளவு சுலபமா சொல்றா பாருங்க. கேக்கறீங்களா? ஏதாவது சொல்லுங்களேன்.”

அப்பா துணிச்சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கால்களைப் பார்த்தார்.

“எட்டு மணிக்கு மாப்பிள்ளை என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி எடுத்துட்டு வருவாரு” என்றார். “நான் அங்க வந்து சேர்றதுக்குள்ள சொல்லிடு. நான் நிக்கும்போது வேணாம்.”

அம்மா சுவரில் சாய்ந்தாள். சின்னவள் செருப்பை மாட்டினாள். சுவரிலிருந்த கடிகாரம் ஏழேகாலைக் காட்டியது. டிபன் வைத்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

தெருமுனை டீக்கடை முன்னால் போர் லாரி நின்றுகொண்டிருந்தது. லாரிக்காரர் கிளாஸோடு கையை ஆட்டினார். “எங்க, மேட்டுக்குத்தானே? ஏறிக்கோ. இன்னும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவேன்.”

“நீங்க வாங்க சித்தப்பா. நான் நடந்து போறேன்.”

“நடந்தா? வண்டியை விட்டுட்டு எவளாவது மேடு ஏறுவாளா? அப்படி என்ன அவசரம்?”

“உங்களுக்கு முன்னாடி போய்ச் சேரணும்.”

கிளாஸ் அவர் வாயருகில் நின்றது. பிறகு கடைக்காரரிடம் திரும்பி, இன்னொரு டீ போடச் சொன்னார்.

லாரி சுற்றுப் பாதையில்தான் போக வேண்டும். வேலிக்குள்ளாக ஏறும் ஒற்றையடிப் பாதையில் போனால் இருபது நிமிஷம். அக்கா பண்ணைக் கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மாமியார் அந்நேரம் ஒட்டுக் கட்ட உட்கார்ந்திருப்பார். முதலில் எண்ணைச் சொல்வதா, நிலத்தை வாங்கச் சொன்ன அப்பாவின் வார்த்தையிலிருந்து தொடங்குவதா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் வேலிக்கம்பியைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.